வலை இழுப்பவர்களும் பேதுருவும்: ரூபன்ஸ் பெயர் தாங்கிய ஓர் அச்சுப்படம்

கேள்வி இதுதான்: "ஒரு பழைய ஐரோப்பிய அச்சுப்படம் பார்த்தேன். மீனவர்கள் படகிலிருந்து வலையை இழுக்கிறார்கள். மீன்கள் பிதுங்கி வழிகின்றன. அதே படகில் இயேசு நிற்கிறார், அவர் முன்னால் ஒரு கிழவர் பணிந்து நிற்கிறார். அடியில் லத்தீன் எழுத்து, ரூபன்ஸ் என்ற பெயர். மூன்று தாள்களைச் சேர்த்து ஒட்டியது போல இருக்கிறது. இது பைபிள் படமா, கடற்கரை வாழ்க்கையைக் காட்டும் படமா? இரண்டையும் ஏன் இப்படிக் கலந்தார்கள்?"

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்பில் வாழ்ந்த ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸின் ஓவியத்தை வைத்து ஸ்கெல்டே ஆ போல்ஸ்வெர்ட் என்ற செதுக்குநர் செப்புத்தகட்டில் செதுக்கிய "அற்புத மீன்பாடு" படமாகத்தான் இருக்க வேண்டும். மூன்று தகடுகளில் செதுக்கி, மூன்று தாள்களில் அச்சடித்து, பக்கத்தில் பக்கம் சேர்த்த படம் அது. பைபிளா, கடற்கரையா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் விஷயம் பிடிபடாது. மூல ஓவியத்துக்குக் காசு கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்தால்தான் படம் புரியும். அவர்கள் மீன் வியாபாரிகள். கடலோரத்திலும் இல்லை, உள்நாட்டில் ஒரு நதிக்கரை ஊரில் கடை போட்டவர்கள்.

முதலில் கதை. லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரம். கெனேசரேத்து ஏரிக்கரை. மீனவர்கள் படகுகளை விட்டிறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு சீமோனின் படகில் ஏறி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொல்லி, அங்கிருந்தபடி மக்களிடம் பேசுகிறார். பேசி முடித்ததும் ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார். ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்கிறார் சீமோன். ஆனாலும் அவர் சொன்னதற்காக வலையைப் போடுகிறார். வலை கிழிகிற அளவுக்கு மீன். இன்னொரு படகில் இருந்த கூட்டாளிகளைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு படகும் அமிழ்கிற நிலை. சீமோன் பேதுரு இயேசுவின் முன் விழுந்து, நான் பாவி, என்னை விட்டுப் போய்விடும் என்கிறார். பயப்படாதே, இனி நீ மனிதர்களைப் பிடிப்பாய் என்று பதில் வருகிறது.

மீன் தொழில் தெரிந்தவர் எழுதியது போன்ற கதை. பிடிக்கப்போகும் முன் அல்ல, வெறுங்கையோடு திரும்பி வலை அலசும் நேரத்தில் தொடங்குகிறது. இரவு முழுக்க உழைத்து ஒன்றும் கிடைக்காத எரிச்சல், கூட்டாளிப் படகு, வலை கிழியுமே என்ற பயம், எல்லாம் தொழிலுக்குள்ளே இருப்பவை. ஓவியர்கள் கடற்கரை வாழ்க்கையை இந்தக் கதைக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்து செருக வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. எந்தக் கரையை வரைவது என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி.

இப்போது ஊருக்கு வருவோம். இன்றைய பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்புக்கும் பிரசல்ஸுக்கும் நடுவில் மெக்கலன் என்ற ஊர். டெய்லே நதி ஊர் நடுவே ஓடுகிறது. கடல் அங்கிருந்து தொலைவு. ஆனால் இடைக்காலத்தில் இருந்தே மெக்கலனுக்கு ஒரு சலுகை: நதி வழியாக வரும் மீன், உப்பு, ஓட்ஸ் தானியம் மூன்றும் அங்கே இறக்கி விற்பனைக்கு வைக்கப்பட வேண்டும். ஆண்ட்வெர்போடு இதற்காக நெடுங்காலம் தகராறு நடந்தது. நதிக்கரையில் உப்புத்துறை, ஓட்ஸ்துறை என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. உப்புத்துறையில் மீன் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு கட்டடம் இருந்தது. 1530களில் கட்டியது, முகப்பு இன்னும் நிற்கிறது. அதன் பெயர் "சால்மன்". வாசலுக்கு மேலே ஒரு சால்மன் மீன் சிற்பம். சங்கத்தின் செல்வாக்கைக் காட்ட இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

அந்தச் சங்கத்துக்கு நதிக்கு அக்கரையில் உள்ள அன்னை மரியாள் ஆலயத்தில் ஒரு பீடம் உண்டு. அந்தக் காலத்து ஃபிளெமிஷ் ஊர்களில், அதாவது இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி ஊர்களில், ஒவ்வொரு தொழில் சங்கமும் கோயிலில் தனக்கென்று ஒரு பீடம் வைத்து, அதற்குப் படம், விளக்கு, பூசைச் செலவு எல்லாம் பார்த்துக்கொண்டது. நம் ஊரில் மண்டகப்படி செய்பவர்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1566இல் புராட்டஸ்டண்ட்களின் சிலை உடைப்புக் கலகம், 1572இல் ஸ்பானியப் படையின் கொள்ளை, 1580இல் ஆங்கிலேயப் படையினரின் கொள்ளை என்று மெக்கலன் அடுத்தடுத்து அடி வாங்கியது. கோயில்கள் வெறிச்சோடின. 1609 முதல் 1621 வரை ஸ்பெயினுக்கும் டச்சுக் குடியரசுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் நடந்தபோதுதான் ஊர்கள் மூச்சுவிட்டன. சங்கங்கள் புதுப் பீடங்களுக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஆள் தேடின. 1608 கடைசியில் இத்தாலியிலிருந்து திரும்பியிருந்த ரூபன்ஸுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது.

மீன் வியாபாரிகள் கேட்டது மூன்று பலகைகள் கொண்ட பீட ஓவியம். ரூபன்ஸ் 1618, 1619 ஆண்டுகளில் அதை வரைந்தார். நடுவில் அற்புத மீன்பாடு. சிறகு எனப்படும் பக்கப் பலகைகள் இரண்டில் ஒன்றில், வானதூதரோடு பயணம் போகும் தோபியா மீனைப் பிடிக்கும் காட்சி. இன்னொரு சிறகில், பேதுரு மீன் வாயிலிருந்து காசு எடுத்து வரி கட்டும் காட்சி. கீழே பீடத்தின் அடிப்பலகையில் யோனாவைக் கடலில் எறிவதும், இயேசு தண்ணீர் மேல் நடப்பதும். பைபிளில் மீன் வருகிற, தண்ணீர் வருகிற இடத்தை எல்லாம் வலைபோட்டு அரித்து எடுத்திருக்கிறார்கள். இறையியல் ஆலோசகர் ஒருவர் இதில் உதவியிருக்கலாம், ஆனால் பட்டியலைப் பார்த்தால் வியாபாரிகளின் கையும் தெரிகிறது. அதிலும் மீன் வாயில் காசு! மீன் விற்பவருக்கு இதைவிடப் பிடித்த அற்புதம் வேறு எது இருக்கப்போகிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது "ரூபன்ஸ் எளிய மீனவர்களின் உழைப்பைக் கொண்டாடினார்" என்று சிலாகிப்பதைக் கேட்கலாம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. காசு கொடுத்தவர்கள் வலை இழுப்பவர்கள் அல்ல. அவர்கள் மீனை இறக்கி, விலை பேசி, விற்றவர்கள். கையில் வலைக்கயிறு அறுத்த தழும்பு இருப்பவர்கள் கடலோர ஊர்களில் இருந்தார்கள்; அவர்களுக்கு இந்தப் பீடத்தில் பங்கில்லை. வியாபாரிகள் தங்களை அப்போஸ்தலர்களின் தொழில் வாரிசுகளாகக் காட்டிக்கொள்ள, தங்களுக்கு மீன் பிடித்துக் கொடுத்தவர்களின் உடம்பைக் கடன் வாங்கினார்கள். படத்தில் தெரியும் வியர்வை உண்மையானது, ஆனால் அதன் பெருமை போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அப்புறம் இன்னொரு கணக்கும் உண்டு. கத்தோலிக்க நாட்டில் வெள்ளிக்கிழமைகள், தவக்காலம், திருவிழாக்களுக்கு முந்தின நாட்கள் என்று இறைச்சி தொடக்கூடாத நாட்கள் வருடத்தில் ஏராளம். அன்றைக்கெல்லாம் மீன்தான். வடக்கே புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபைகள் இந்த நோன்பு விதிகளைக் கைவிட்டிருந்தன. எனவே மெக்கலன் மீன் வியாபாரிக்கு ரோமின் அதிகாரம் நிலைப்பது பக்தி விஷயம் மட்டுமில்லை, வியாபாரமும்தான். பேதுரு யார்? மீனவர், அதோடு முதல் போப்பாண்டவர். படகு என்பது திருச்சபைக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் உருவகம். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கோயில் படங்கள் மக்களுக்குப் போதிக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. மீன்பாடு படம் இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தியது: ஆயரையும், சங்கத் தலைவரையும், பூசைக்கு வந்த சாதாரண ஆளையும்.

பைபிள் கதையைத் தன் ஊர்க் கரையில் வைப்பது ரூபன்ஸ் தொடங்கிவைத்ததல்ல. 1444இல் ஓவியர் கோன்ராட் விட்ஸ் ஜெனீவாவின் புனித பேதுரு பேராலயத்துக்கு வரைந்த மீன்பாட்டில் பின்னணி அசல் ஜெனீவா ஏரி. மலைகளைக்கூட அடையாளம் சொல்லலாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றால், பேதுரு தன் படகுத்துறையில்தான் தண்ணீரில் தத்தளிக்கிறார் என்று தெரிந்திருக்கும்.

இன்னொரு முன்னோடி இத்தாலிய ஓவியர் ரஃபாயேல். வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்துக்கான திரைச்சீலைகளுக்காக 1515, 1516 வாக்கில் அவர் வரைந்த பெரிய மாதிரிகளில் ஒன்று இதே மீன்பாடு. திரைச்சீலைகள் நெய்யப்பட்டது பிரசல்ஸில். மாதிரிகள் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் இயேசு படகின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார், பேதுரு முழந்தாளிட்டுக் கைகூப்புகிறார், பக்கத்துப் படகில் இருவர் குனிந்து வலை தூக்குகிறார்கள், முன்னால் கரையில் கொக்குகள். அழகான படம். ஆனால் படகுகளைக் கவனியுங்கள். இரண்டு பெரிய ஆட்கள் நின்றால் கவிழ்ந்துவிடும் அளவுக்குச் சின்னவை. ரஃபாயேலுக்கு உடல்கள் முக்கியம், படகு வெறும் அடையாளம். மீன் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒருவர் அதைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்.

ரூபன்ஸ் அங்கேதான் மாறுகிறார். அவர் படத்தில் முதலில் தெரிவது எடை. வலை கனக்கிறது. இழுப்பவர்கள் இடுப்பை வளைத்து, காலை ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்து இழுக்கிறார்கள். இத்தாலியில் பழைய ரோமானியச் சிற்பங்களையும் மைக்கலாஞ்சலோவையும் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய உடற்கட்டு அது. ஆனால் காலில் இருப்பது நீண்ட தோல் பூட்ஸ். தோளில் இருப்பது வடகடல் குளிருக்குப் போடும் உடுப்பு. இயேசுவுக்கோ வழக்கமான நீள அங்கி. ஒரே படகில் இரண்டு காலம். இயேசு நிற்கும் இடத்தில் அமைதி, பேதுரு குனிந்து பணியும் இடத்தில் திகைப்பு. மற்றவர்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. வலையை விட்டால் மீன் போய்விடும். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அற்புதம் நடந்திருக்கிறது, அது நடந்ததாலேயே வேலை கூடியிருக்கிறது. பேதுரு ஒருவர்தான் அதைப் புரிந்துகொள்கிறார்.

சரி, பீட ஓவியம் எப்படி அச்சுப்படம் ஆனது?

மெக்கலன் நடுப்பலகை நெடுக்கான வடிவம், சுமார் 3 மீட்டர் உயரம். அச்சுப்படமோ குறுக்கு வடிவம். வெறும் நகல் இல்லை. அகலத்துக்கு ஏற்ப மறுபடி யோசித்து அமைத்தது. அதற்கான மாதிரி லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது: தாளில் கரித்துண்டு, பேனா, எண்ணெய் வண்ணம் மூன்றையும் வைத்து வரைந்து, பிறகு துணியில் ஒட்டியது. ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் உயரம், 85 சென்டிமீட்டர் அகலம். பளிச்சென்ற நிறங்கள் கிடையாது, அடங்கிய மண்நிறங்கள்தான். காரணம் எளிது. செதுக்குபவருக்குச் சிவப்பு, நீலம் எல்லாம் எதற்கும் உதவாது. எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு, நடுவில் எத்தனை படிகள் என்பதுதான் அவருக்குத் தேவை. ஓவியர் வண்ணத்தில் சொன்னதை ஏற்கெனவே ஒளி-நிழலாக மாற்றிக் கொடுத்துவிட்டால் செதுக்குபவர் ஊகிக்க வேண்டியதில்லை.

குறுக்கு வடிவம் இன்னொன்றையும் செய்கிறது. பீடத்தில் கண் கீழிருந்து மேலே ஏறும்: மீன், வலை, ஆட்கள், இயேசு, வானம். பூசை வைக்கும் இடத்துக்கு அது பொருத்தம். குறுக்கே நீண்ட தாளில் கண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. அதாவது கரையோரமாக நடப்பது மாதிரி. தண்ணீருக்கும் படகுக்கும் உழைக்கிற உடம்புகளுக்கும் கிடைக்கும் இடம் கூடுகிறது. அச்சுப்படத்தைப் பார்க்கும் ஒருவருக்கு "இது கடற்கரைப் படமா" என்ற சந்தேகம் வருவதில் வியப்பில்லை. நீங்கள் பீடத்தின் முன் நின்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

செதுக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. மெருகேற்றிய செப்புத் தகட்டில் பியூரின் என்ற கூர்முனை உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடுகளை அறுக்கிறார்கள். வளைந்த கோட்டுக்குக் கை திரும்பாது. தகட்டைத்தான் ஒரு தோல் மெத்தையின் மேல் வைத்துத் திருப்புவார்கள். பிறகு தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், கோட்டுப் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்தி ஓட்டினால் தாள் அந்த மையை உறிஞ்சி எடுத்துவிடும். படம் இடம் வலம் மாறித்தான் விழும். தவறாக அறுத்த கோட்டை அழிப்பது பெரும்பாடு: பின்பக்கம் தட்டி, முன்பக்கம் தேய்த்து, மறுபடி மெருகேற்ற வேண்டும்.

ரூபன்ஸின் செதுக்குநர்கள் சாதித்தது கோட்டின் தடிமனில்தான். உளியை ஆழமாக அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். ஒரே கோடு முதுகெலும்பு வழியாக ஓடும்போது நிழலில் தடித்து, வெளிச்சத்தில் மயிரிழையாகி, மறுபடி தடிக்கும். உங்களிடம் படம் இருந்தால் உருப்பெருக்கியை வைத்து வலை இழுப்பவரின் தோளைப் பாருங்கள். தசையின் வளைவைக் கோடு தொடர்ந்து போகும், குறுக்கே இன்னொரு வரிசைக் கோடுகள் வெட்டும், அந்தச் சின்னச் சாய்சதுரங்களுக்கு நடுவில் சில இடங்களில் ஒரு புள்ளியும் இருக்கும். அப்படியே கண்ணைத் தண்ணீருக்கு நகர்த்தினால் கோட்டின் பேச்சே வேறு. தோலுக்கு ஒரு கோடு, ஈர வலைக்கு ஒரு கோடு, மேகத்துக்கு ஒரு கோடு. கறுப்பு மை ஒன்றுதான். பொருள்கள் வேறு வேறாகத் தெரிவது இதனால்தான்.

போல்ஸ்வெர்ட் வடக்கே, இன்றைய நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில், போல்ஸ்வர்ட் என்ற ஊரில் பிறந்தவர். அண்ணன் பூட்டியஸும் செதுக்குநர்தான். இருவரும் ஆண்ட்வெர்பில் வந்து சேர்ந்து ரூபன்ஸுக்காக வேலை செய்தார்கள். அண்ணன் 1633இல் இறந்தார், தம்பி 1659 வரை இருந்தார். அவர்களுக்கு முன்பு ரூபன்ஸின் முதன்மைச் செதுக்குநர் லூகாஸ் வோர்ஸ்டர்மன். அபாரக் கைக்காரர், ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. படத்தை உருவாக்கியவர் யார், பெருமை யாருக்கு என்ற சண்டை முற்றி, 1622இல் ரூபன்ஸுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அதிகாரிகளிடம் கேட்கும் நிலை வந்தது. வோர்ஸ்டர்மன் பிறகு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ரூபன்ஸ் லேசான எஜமானர் இல்லை. சோதனைப் பிரதிகளை வரவழைத்து, வெள்ளை வண்ணத்தாலும் பேனாவாலும் திருத்தித் திருப்பி அனுப்புவார். அப்படித் திருத்திய பிரதிகள் பல பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

உரிமை விஷயத்திலும் அவர் கெட்டி. 1619, 1620 ஆண்டுகளில் பிரான்ஸ், ஸ்பானிய நெதர்லாந்து (ஆண்ட்வெர்பும் மெக்கலனும் இருந்த நாடு), டச்சுக் குடியரசு மூன்றிடமும் தனித்தனியாக உரிமை வாங்கினார்: தன் படங்களை வேறு யாரும் செதுக்கி விற்கக் கூடாது. ஒன்றோடொன்று போர் புரிந்த நாடுகள், ஆனால் படச் சந்தை எல்லையைப் பார்க்கவில்லை. ரூபன்ஸ் படங்களின் அடியில் அரச சலுகையைக் குறிக்கும் லத்தீன் வரியை அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

ஆக, மெக்கலனில் ஒரு சங்கத்தின் பீடத்துக்காக உருவான காட்சி அச்சில் ஏறியதும் அந்தச் சங்கத்தை உதறிவிட்டது. தோபியாவும் காசு மீனும் கூட வரவில்லை. மீன் வியாபாரிகள் யார் என்றே தெரியாத ஒருவர், ஆண்ட்வெர்பிலோ பாரிஸிலோ, அதைச் சுவரில் மாட்டலாம், தொகுப்பேட்டில் ஒட்டலாம், அல்லது தன் ஓவியக்கூடத்தில் மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். இப்படித்தான் ஆண்ட்வெர்ப் அச்சுகள் பெருவில் குஸ்கோ நகர ஓவியர்கள் கைக்குப் போய் அங்கே கோயில் ஓவியங்கள் ஆயின. அதற்கும் முன்பே, 1580இல் அக்பரின் அவைக்கு வந்த இயேசு சபையினர் ஆண்ட்வெர்பில் அச்சான பன்மொழி பைபிளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முகலாய ஓவியர்கள் ஃபிளெமிஷ் அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. வியாபாரிகள் தங்கள் ஊரில் தங்கள் பெருமைக்குச் செய்த செலவு எங்கெங்கோ பயன்பட்டது.

நீங்கள் பார்த்தது வேறு படமாகவும் இருக்கலாம் என்பதால், இதே சாயலில் வரும் மற்றக் கதைகளையும் பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். இயேசு படகுக்குள் இருந்தால் லூக்காவின் கதை. அவர் கரையில் நிற்க, ஒருவர் தண்ணீரில் குதித்து அவரை நோக்கி வந்தால் அது யோவான் 21: உயிர்த்தெழுந்த பின் நடப்பது, கரையில் கரி நெருப்பும் அதன் மேல் மீனும் இருக்கும், வலையில் 153 மீன் என்று எண்ணிக்கையே சொல்லப்பட்டிருக்கும். ஓவியர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். வலை இல்லாமல் தூண்டிலும் ஒரே ஒரு மீனும் என்றால் மத்தேயு 17, காசு எடுக்கும் கதை. கரையில் இரண்டு சகோதரர்களை இயேசு கைகாட்டி அழைத்தால் சீடர்களைக் கூப்பிடும் காட்சி. சிறகுள்ள தூதரும், பையனும், பெரிய மீனும், பெரும்பாலும் ஒரு நாயும் என்றால் தோபியா. அது கடலில்லை, திக்ரிஸ் நதி. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் பைபிள்களில் இல்லாத புத்தகம் என்பதால் புராட்டஸ்டண்ட் வீட்டில் வளர்ந்தவர்கள் சட்டென்று அடையாளம் காணமாட்டார்கள். கடற்கரையில் தீ மூட்டியிருக்க, ஒருவர் கையில் பாம்பு தொங்கினால் மால்டாவில் கப்பல் உடைந்து கரையேறிய பவுல்.

பேதுருவை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்: குட்டையான நரைத்த சுருட்டை முடி, உச்சியில் வழுக்கை, வட்டமான தாடி. இந்தக் காட்சிகளில் கையில் சாவி இருக்காது. சாவியைப் பற்றிய பேச்சு மத்தேயு 16இல்தான் வருகிறது.

பைபிள் ஆளே இல்லாத கடற்கரை அச்சுகளும் அந்தக் காலத்தில் உண்டு. டச்சுச் செதுக்குநர் யான் சான்ரெடாம் 1602இல் வெளியிட்ட படத்தில், டச்சுக் கடற்கரையில் பெவர்வெய்க் அருகே கரை ஒதுங்கிய திமிங்கலம் கிடக்கிறது, ஊரே திரண்டு பார்க்கிறது, பிரபு ஒருவர் நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டை வைத்திருக்கிறார், ஓவியரே ஒரு மூலையில் வரைந்துகொண்டிருக்கிறார். பேதுருவோ யோனாவோ இல்லை. ஆனாலும் அந்தக் காலத்து ஆட்கள் அதைக் கடவுளின் எச்சரிக்கையாகத்தான் படித்தார்கள். ரூபன்ஸ் படத்தில் அற்புதம் வெளிப்படையாக நடக்கிறது, சான்ரெடாம் படத்தில் அது திமிங்கலத்தின் உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. கடற்கரை என்பது அவர்களுக்கு எப்போதுமே ஏதோ ஒன்று சொல்ல வந்த இடம்.

கடைசியாக உங்கள் தாள். அடியில் உள்ள லத்தீனைப் படியுங்கள். "பிங்க்சிட்" என்று இருந்தால் அந்தப் பெயர் ஓவியருடையது, "ஸ்கல்ப்சிட்" என்றால் செதுக்கியவர், "எக்ஸ்கூடிட்" என்றால் வெளியிட்டவர். தகடுகள் விற்கப்பட்டுக் கைமாறும்போது வெளியீட்டாளர் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் போடுவார்கள். அதனால் ரூபன்ஸ், போல்ஸ்வெர்ட் பெயர்கள் இருந்தாலும் அச்சு பல பத்தாண்டுகள் பிந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. மெல்லிய கோடுகள், குறிப்பாக வானத்திலும் உடம்பின் வெளிச்சப் பகுதியிலும், மங்கியோ விட்டு விட்டோ இருந்தால் தகடு தேய்ந்த பிறகு எடுத்த பிரதி. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அந்தக் காலத்துத் தாளாக இருக்கும் பட்சத்தில் நெருக்கமான இணைகோடுகளும், சில சமயம் நீர்க்குறியும் தெரியும். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி இருக்க வேண்டும். ஆனால் பழைய சேகரிப்பாளர்கள் அந்த ஓரத்தையே வெட்டிவிடுவது வழக்கம் என்பதால், அது இல்லாததால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். உருப்பெருக்கியில் கோடுகளுக்குப் பதில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்காலத்துப் புகைப்பட அச்சு, அதோடு விஷயம் முடிந்தது.

மூன்று தாள்கள் சேரும் இடத்தில் கோடுகள் எவ்வளவு சரியாகப் பொருந்துகின்றன என்றும் பாருங்கள். ஈரத் தாள் காயும்போது ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு சுருங்கும். அதனால் அசலில்கூட ஒரு மயிரிழை பிசகு இருக்கும். வலையின் கயிறு ஒன்று ஒரு தாளில் முடிந்து அடுத்த தாளில் கொஞ்சம் மேலே தொடங்கினால் கவலை வேண்டாம். மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே மை அடர்த்தியில் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். இல்லையென்றால் வேறு வேறு காலத்துத் தாள்களைப் பின்னால் யாரோ சேர்த்திருப்பார்கள்.

மூல ஓவியத்தை நேரில் பார்க்க விரும்பினால்: 1794இல் பிரெஞ்சுப் படைகள் அதைத் தூக்கிக்கொண்டு போயின. நெப்போலியன் வீழ்ந்த பிறகு பெரிய பலகைகள் திரும்பி வந்து, இன்று மெக்கலனில் அதே அக்கரை ஆலயத்தில் இருக்கின்றன. அடிப்பலகையில் இருந்த யோனாவும் தண்ணீர் மேல் நடக்கும் இயேசுவும் திரும்பவில்லை. அவற்றைப் பார்க்க பிரான்சில் நான்சி நகர அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.